பொம்மை மழைக்கு அப்பால்

ஆசிரியருக்கு,

ஜப்பானியப் பனிச்சறுக்கு நடன வீரர் யுசுரு ஹன்யு போட்டிகளில் ஆடி முடித்ததும், ரசிகர்கள் வீசும் பொம்மைகள் பனித்தளத்தில் மழையாய் விழுந்ததுண்டு. ரசிகையான எனக்கும் பிடித்த காட்சி அது. அதே ஹன்யு 2023 நவம்பரில், மணமான சில மாதங்களிலேயே பிரிந்தார். வீட்டைச் சுற்றும் சந்தேக வண்டிகள், மனைவி மீதும் உறவினர் மீதும் அவதூறு, பின்தொடர்தல் என்று அவரே வேதனையோடு எழுதினார். இதையா அன்பு என்பது?

சரி, வீரர்களை வதைப்பது ரசிகர்கள் மட்டுமா? பயிற்சியாளர்களும்தான். அடித்துத் திருத்துவதற்கு ஜப்பானில் 'தாய்பட்சு' என்று தனிச்சொல்லே உண்டு. பயிற்சியாளரிடம் அடிபட்ட ஒசாகா பள்ளிக் கூடைப்பந்து அணித் தலைவன் 2012 டிசம்பரில் உயிரை மாய்த்துக்கொண்டான். தலைமைப் பயிற்சியாளர் அடிப்பதாக ஜப்பானிய ஜூடோ வீராங்கனைகள் தரப்பில் முறையிட்டபோது, அவரை எச்சரித்ததோடு ஜூடோ சங்கம் நிறுத்திக்கொண்டது. வீராங்கனைகள் 15 பேர் ஜப்பான் ஒலிம்பிக் குழுவிடம் புகாரோடு போன விஷயம் 2013இல் வெளிவந்த பிறகே அவர் விலகினார். பதக்கச் செய்தியோடு இதையும் விளையாட்டுப் பக்கத்தில் எழுதுங்கள்.

- ஒரு வாசகி