பௌர்ணமி வேண்டாம், நவமியில் கூப்பிடுங்கள்

டெல்டா மாவட்டங்களின் அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நிலவு காட்டும் நிகழ்ச்சி என்றாலே பௌர்ணமிக்குத்தான் தேதி குறிக்கிறோம். தயவுசெய்து மாற்றுங்கள். அன்று வெயில் நிலவின் மேல் நேராக விழுகிறது. பள்ளத்துக்கு நிழலே கிடையாது. பிள்ளைகள் கண் கூசப் பார்த்துவிட்டு, "வெள்ளையா இருக்கு சார்" என்று நகர்ந்துவிடுவார்கள்.

வளர்பிறை அஷ்டமி, நவமியில் வையுங்கள். நல்ல காரியத்துக்கு ஆகாத நாட்கள்தாம்! ஆனால் வெளிச்சமும் இருட்டும் சேரும் கோட்டில் பள்ளங்கள் துலங்குவது அப்போதுதான். நவமியை ஒட்டி கோப்பர்நிகஸ் பள்ளம் அந்தக் கோட்டுக்கு வரும். அகலம் 93 கி.மீ.; தஞ்சாவூரையும் நாகப்பட்டினத்தையும் உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும். முதலில் மேற்குச் சுவரின் உட்புறம் பளிச்சென்று தெரியும், அடித்தளம் கன்னங்கரேலென்று கிடக்கும். பிறகு நடுவே சில குன்றுகள் தலைகாட்டும். விண்கல் மோதி அமுங்கிய பாறை திரும்ப எகிறி நின்ற குன்றுகள் அவை.

பள்ளம் எப்படி விழுகிறது என்று வகுப்பில் மாவுத் தட்டில் கோலிக்குண்டு போட்டுக் காட்டுகிறோமே, அது பாதி உண்மைதான். சாய்த்து வீசினால் மாவில் நீளக் குழி விழும். நிலவிலோ, கல் சாய்வாக வந்தாலும் பெரும்பாலும் வட்டப் பள்ளம்தான். நொடிக்குச் சுமார் 20 கி.மீ. வேகத்தில் மோதும் கல் அந்தக் கணமே வெடித்துச் சிதறுகிறது. பள்ளம் பறிப்பது அந்த வெடிப்பு. அதனால்தான் சின்னக் கல்லுக்கும் அத்தனை பெரிய குழி.

எல்லாம் என்றைக்கோ நடந்து முடிந்தது என்றும் சொல்லிவிடாதீர்கள். 2013 மார்ச் 17 அன்று நிலவில் ஒரு மோதல் பளிச்சிட்டதை நாசாவின் தொலைநோக்கி பதிவு செய்தது. நிலவைச் சுற்றும் எல்.ஆர்.ஓ. விண்கலம் பிறகு எடுத்த படத்தில் அங்கே 18 மீட்டர் அகலத்தில் புதுப் பள்ளம் இருந்தது. காற்றும் மழையும் இல்லாத அந்த மண்ணை உழுவது இந்தக் கற்கள்தாம். மேல்மண் 2 செ.மீ. ஆழத்துக்குப் புரள ஏறக்குறைய 80,000 ஆண்டுகள் ஆகும் என்று அதே விண்கலத்தின் படங்களை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் மேகம் விடாது. சம்பா அறுவடை முடிந்த மாசிதான் தோது. தெருவிளக்கு நிலவுக்கு இடைஞ்சல் இல்லை, பள்ளி மைதானமே போதும். தொலைநோக்கி இல்லையென்றால் நல்ல பைனாகுலரை ஸ்டாண்டில் பொருத்துங்கள். ஆறரைக்கே தொடங்கலாம், நிலவு உச்சிக்குப் பக்கத்தில் இருக்கும். பிள்ளைகள் கடைசி டவுன் பஸ்ஸையும் பிடித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
நன்னிலம் பக்கத்து நிலாப் பைத்தியம் ஒருவன்