ஞாயிறு வகுப்பில் பிள்ளைகள் காரணம் சொல்லட்டும்: கொழும்பு அறநெறிப் பாடசாலைகளுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பில் அறநெறிப் பாடசாலைகளை நடத்தும் ஆலய அறங்காவலர்களுக்கும் நிருவாகிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

ரியூசன் வகுப்புகள் ஞாயிறு காலையையும் விழுங்கிவிட்ட இந்நகரில், கொட்டாஞ்சேனையிலும் பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் ஊதியம் கருதாமல் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் படிப்பிக்கும் உங்கள்மீது எனக்கு மிகுந்த மதிப்புண்டு. ஆனால், அவ்வகுப்புகளில் நாம் அளந்து பரிசளிப்பது பெரும்பாலும் பிள்ளையின் ஞாபகசக்தியைத்தான். நீதிப் பாடல்களைப் பிழையின்றி ஒப்புவிக்கும் பிள்ளை முதற்பரிசு பெறுகிறது; அந்த நீதியை ஏன் ஏற்கவேண்டும் என்று அதனிடம் எவரும் கேட்பதில்லை. அப்படிக் கேட்பதற்கு வாரந்தோறும் இருபது நிமிடங்களை ஒதுக்குங்கள் என்பதே என் வேண்டுகோள்.

உங்களில் ஆசிரிய கலாசாலையில் பயின்றவர்களுக்கு, பிள்ளைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த சுவிஸ் உளவியலாளர் ஜீன் பியாஜே புதியவரல்லர். 1932 இல் வெளியான ஆய்வுக்காக அவர் பிள்ளைகளுக்கு இரு சிறு கதைகளைச் சொன்னார். ஒரு சிறுவன் கதவைத் திறக்கிறான். அதன் பின்னால் கோப்பைகள் இருப்பது தெரியாமல் 15 கோப்பைகளை உடைத்துவிடுகிறான். இன்னொருவன், தாய் வெளியே போயிருந்த நேரத்தில் ஜாம் எடுக்க ஏறி, ஒரேயொரு கோப்பையை உடைக்கிறான். கூடிய பிழை யாருடையது என்று கேட்டபோது சிறிய பிள்ளைகளில் பலர் 15 கோப்பைகளை உடைத்தவனையே காட்டினர். வளர்ந்த பிள்ளைகள் நோக்கத்தைப் பார்த்தனர். (நோக்கத்தைத் தெளிவாக விளக்கினால் சிறிய பிள்ளைகளும் அதைக் கவனிக்கிறார்கள் என்று பின்வந்தோர் கண்டது வேறு விடயம்.) இந்த மாற்றம் வயது ஏறுவதால் மட்டும் வருவதன்று என்பதே பியாஜேயின் முக்கியமான கருத்து. பெரியவர்கள் சொன்னதால்தான் விதி என்று நம்பியிருக்கும் பிள்ளை, தன்னையொத்த பிள்ளைகளோடு போளையடித்து, விதியைப் பற்றிச் சச்சரவுபட்டு, பேசித் தீர்த்து விளையாடும்போதே, விதி என்பது எல்லோரும் உடன்பட்டுக் காப்பது என்பதைப் புரிந்துகொள்கிறது. நமது வகுப்புகளிலோ ஆசிரியர் பேசுகிறார், பிள்ளைகள் கைகட்டிக் கேட்கிறார்கள். பிள்ளையோடு பிள்ளை பேசினால் அதற்குச் சத்தம் போடுவது என்று பெயர்.

இன்னொன்று இதைவிடவும் என்னை உறுத்துகிறது. எலியட் டூரியல், ஜூடித் ஸ்மெட்டானா போன்ற உளவியலாளர்களின் ஆய்வுகளின்படி, பாலர் பாடசாலை வயதுப் பிள்ளைகள்கூடப் பிறரைத் துன்புறுத்துவதையும் வழக்கத்தை மீறுவதையும் வேறுபடுத்தி அறிகிறார்கள். அடிக்கக்கூடாது என்ற விதி இல்லாத இடத்திலும் அடிப்பது பிழை என்கிறார்கள்; உடை, வரிசை, ஒழுங்கு பற்றிய விதிகளோ இடத்துக்கிடம் மாறலாம் என்கிறார்கள். இயல்பாகவே வரும் இந்தப் பகுத்தறிவை நாம்தான் மழுங்கடிக்கிறோம். வெள்ளைச் சட்டை அணியாமல் வந்த பிள்ளையையும், திக்கிப் பேசும் சகபிள்ளையைக் கேலி செய்த பிள்ளையையும் ஒரே குரலில், சிலவேளை முன்னதைக் கூடுதலாகவும், கண்டிக்கிறோம். சிங்களப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் கத்தோலிக்கப் பிள்ளையும் அடுத்தடுத்த வீட்டில் வாழும் கொழும்பில் இது சின்ன விடயமன்று. நம் வழக்கத்தை மீறுவதும் பாவம்தான் என்று பழகிய பிள்ளை, அந்த வழக்கம் இல்லாத அயல்வீட்டுப் பிள்ளையைப் பற்றி என்ன முடிவுக்கு வரும்?

தண்டனை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனையைக் கல்வி அமைச்சின் 12/2016 ஆம் இலக்கச் சுற்றறிக்கை தடை செய்துள்ளது. ஞாயிறு வகுப்பில் மட்டும் அடிமட்டத்துக்கு இடமிருக்க நியாயமில்லை. மேற்கு ஆபிரிக்காவில் இரு பாடசாலைகளை ஒப்பிட்டு விக்டோரியா தல்வாரும் காங் லீயும் 2011 இல் வெளியிட்ட ஆய்வில், கடுமையாகத் தண்டிக்கும் பாடசாலையின் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளே கூடுதலாகப் பொய் சொன்னார்கள். அகப்படாமல் சொல்லவும் தெரிந்திருந்தார்கள்.

மனனத்தை விட்டுவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. சிறுவயதில் நாவில் ஏறிய பாட்டு பிற்காலத்தில் பொருள் தரும் என்பதை நானும் நம்புகிறேன். ஆயினும் 1920களில் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைச் சோதித்த ஹார்ட்ஷோர்ன், மே ஆகியோர், எது சரி என்று தெரிந்திருப்பதற்கும் அதன்படி நடப்பதற்கும் இடையே மிகக் குறைந்த தொடர்பையே கண்டனர். ஓரிடத்தில் நேர்மையாக இருந்த பிள்ளை இன்னோரிடத்தில் களவாகப் பார்த்து எழுதியது.

கலந்துரையாடல் இதை முழுமையாகத் தீர்த்துவிடும் என்று சொல்லமாட்டேன். அது வளர்ப்பது முதலில் நியாயம் காணும் ஆற்றலைத்தான்; நடத்தைக்கு வீடும் நட்பும் பழக்கமும் வேண்டும். ஆனாலும், பிள்ளைகளின் நியாயம் காணும் ஆற்றல் படிப்படியாக வளர்வதை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் லோரன்ஸ் கோல்பேர்க்கின் மாணவர் மோஷே பிளாட், யூத சமய ஞாயிறு வகுப்பொன்றின் பிள்ளைகளோடு சில வாரங்கள் இருதலைச் சிக்கல்களை, அதாவது எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் ஒரு நியாயத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும் நிலைமைகளை, விவாதித்தபோது, பலருடைய நியாயங்கள் ஒரு படி முன்னேறின. ஆசிரியர் அங்கே விடை சொல்லவில்லை, "ஏன்?" என்று கேட்டார், எதிர்க்கருத்துள்ள பிள்ளையைப் பேச வைத்தார்.

நமக்குச் சிக்கல்களை வெளியே தேடவேண்டியதில்லை. 2024 செப்டெம்பரில் நடந்த தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் சில வினாக்கள் முன்கூட்டியே வெளியாகி, அவற்றுக்கு எல்லோருக்கும் புள்ளி வழங்குவதா, மீண்டும் பரீட்சை வைப்பதா என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. அந்த வினாக்களை ரியூசனில் பார்த்த பிள்ளை அதை யாரிடமாவது சொல்லியிருக்கவேண்டுமா? அது வெளியான வினா என்று தெரியாமல் படித்திருந்தால்? எல்லோருக்கும் புள்ளி கொடுத்தால், தானாகவே சரியாக எழுதிய பிள்ளைக்கு அது நியாயமா? இவற்றைப் பத்து வயதுப் பிள்ளைகளிடம் கேட்டுவிட்டு, ஆசிரியர் சற்று நேரம் வாய்மூடி இருந்தால் போதும்.

போட்டிகளை ஒழுங்கு செய்வோரிடமும் ஒரு விண்ணப்பம். பாராயணப் போட்டியிலும் பேச்சுப் போட்டியிலும், பிள்ளை பாடியோ பேசியோ முடித்ததும், நடுவர் அதே பொருளில் முன்னறிவிப்பில்லாத ஒரு கேள்வி கேட்கட்டும். விடைக்கன்றி, பிள்ளை சொல்லும் காரணத்துக்குப் புள்ளி இடட்டும். அடுத்த போட்டிக்கான விதிமுறைகளை நீங்கள் வகுக்கும்போது இதனைச் சேர்த்துக்கொள்ளுமாறும், விரும்பும் பெற்றோரை அந்த இருபது நிமிட வகுப்புகளில் பின்வரிசையில் அமர அனுமதிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையில் வசிக்கும் ஒரு தாய்