மீட்டர் காட்டும் எண் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

ஊட்டியில் கதிர்வீச்சு மீட்டர் சமவெளியைவிடக் கூடுதலாகக் காட்டினால், உடனே அணுத்தூசி (அணுகுண்டு வெடிப்பிலோ அணு உலை விபத்திலோ கிளம்பும் கதிரியக்கத் தூசி) படிந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். 2,200 மீட்டர் உயரத்தில் விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களே சமவெளியைவிட அதிகம். பாறையில் இயற்கையாகவே உள்ள தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிர்வீச்சும் அதோடு சேரும். மழை பெய்தால் மண்ணிலிருந்து கசியும் கதிரியக்க வாயுவான ரேடானிலிருந்து பிறந்த துகள்கள் தரைக்கு இறங்கி எண் ஏறும், மழை விட்டுச் சில மணி நேரத்தில் தணிந்துவிடும்.

இதையெல்லாம் கழித்த பிறகும், படிந்தது எந்தக் கதிரியக்கத் தனிமம், மண்ணில் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று தெரிந்தால்தான் சதுர மீட்டருக்கு இத்தனை பெக்கரல் (நொடிக்கு ஓர் அணுச் சிதைவு என்பது ஒரு பெக்கரல்) படிந்திருக்கிறது என்று சொல்ல முடியும். அணுத்தூசியில் வரும் சீசியம்-137 என்றால், காமா கதிர்களை ஆற்றல்வாரியாகப் பிரித்துக் காட்டும் காமா நிறமாலையில் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் தெரிந்துவிடும். கொத்திக் கிளறிய தேயிலைத் தோட்டத்து மண்ணில் அடுக்குகள் கலந்துவிடுவதால், ஆழத்தை அளக்க அது உதவாது. கை படாத புல்வெளி மண்தான் சரி.

நம் மலைக் கல்லூரிகள் பின்னாளில் ஒப்பிட்டுப் பார்க்க, இன்றைய இயல்பான கதிர்வீச்சு அளவை இப்போதே ஊர் ஊராகப் பதிந்து வைக்க வேண்டும்.

— ஒரு வாசகர், குன்னூர்