வெளிநாட்டில் இருக்கும் கணவர் காணொலி வழியே பதிவாளர் முன் தோன்ற வழி செய்ய வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சார்ஜாவில் வேலை பார்க்கும் என் கணவருடன் சென்று வாழ்வதற்கான குடும்ப விசா, திருமணம் முடிந்து ஒன்பதாவது மாதத்தில், சென்ற வாரம் எனக்குக் கிடைத்தது. இந்தக் காலத்தில் ஏறத்தாழ ஐந்து மாதங்கள் அமீரகத்தின் விதிகளால் கழிந்தவை அல்ல. இங்கே மார்த்தாண்டத்தில், எங்கள் திருமணத்தைப் பதிவு செய்து ஒரு சான்றிதழ் வாங்கும் வேலையிலேயே கழிந்தவை. வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பாத தெரு அரிதாக இருக்கும் நம் மாவட்டத்தில், எனக்கு நேர்ந்தது இன்னும் பல பெண்களுக்கு நேர்ந்துகொண்டிருப்பதால் இதை எழுதுகிறேன்.

என் கணவருக்குக் கிடைத்த விடுப்பு நாற்பது நாள். 2024 ஜனவரி 3 அன்று அவர் ஊர் வந்தார். எங்கள் ஆலயத்தில் மூன்று ஞாயிறு ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்து முடிப்பதற்கே அதில் பாதி போயிற்று. ஜனவரி 25 அன்று திருமணம் நடந்தது. மறுவீடு, விருந்து, உறவினர் வீடுகள் என்று அடுத்த இரண்டு வாரமும் சென்றது. அவர் பிப்ரவரி 12 அன்று திரும்ப வேண்டும். ஆலயத்தின் திருமணச் சான்றோடு நாங்கள் சார்-பதிவாளர் அலுவலகத்துக்குப் போனது பிப்ரவரி 9, வெள்ளிக்கிழமை.

அங்கே என் பாஸ்போர்ட்டையும் ஆலயச் சான்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுப் பார்த்த ஊழியர், "இது இரண்டும் ஒரே ஆள் என்று நான் எப்படி எழுதுவது அம்மா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. திருமுழுக்கில் எனக்கு இட்டது ஒரு புனிதையின் பெயர்; பள்ளியில் சேர்க்கும்போது அப்பா கொடுத்தது வீட்டில் அழைத்த பெயர். ஆலயப் பதிவேட்டில் முதல் பெயரும், அதன் முன்னால் அப்பாவின் பெயருக்குரிய ஒற்றை எழுத்தும் இருந்தன. பாஸ்போர்ட்டிலோ பள்ளிப் பெயர். அதிலும் 2022 நவம்பர் முதல் அமீரகம் ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள பாஸ்போர்ட்டுடன் வருகை விசாவில் வருவோரை ஏற்பதில்லை என்றானபோது, முன்யோசனையாக அப்பாவின் முழுப் பெயரையும் சேர்த்து அதைப் புதுப்பித்திருந்தேன். ஆக, ஆலயச் சான்றில் இருந்த பெண்ணுக்கும் பாஸ்போர்ட்டில் இருந்த பெண்ணுக்கும் பொதுவாக இருந்தது பிறந்த தேதி ஒன்றுதான். குமரி மாவட்டத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் இது சாதாரணம். ஜாதகத்தில் ஒரு பெயரும் பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயருமாக இருக்கும் இந்துக் குடும்பங்களிலும் இதே சிக்கலைப் பார்த்திருக்கிறேன்.

ஆலயச் சான்றைத் திருத்த வேண்டுமென்றால் பங்குத்தந்தை தாமாகச் செய்ய இயலாது. ஆயர் இல்லத்தின் அனுமதி வேண்டும். மூன்று நாளில் அது நடக்கவில்லை. என் கணவர் விமானம் ஏறிவிட்டார். திருத்திய சான்று மார்ச் கடைசியில் என் கைக்கு வந்தது. அதை எடுத்துக்கொண்டு நான் மட்டும் போனபோது, மணமக்கள் இருவரும் நேரில் வந்து கையொப்பமிட வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். அலுவலக வாசலில் மனு எழுதும் முதியவர், "மக்களே, மாப்பிள்ளை வராமல் இது நடக்காது, அலையாதே" என்று சொல்லி, எழுதுகூலியையும் வாங்க மறுத்துவிட்டார். அன்று இரவு போட்டிம் செயலியில் என் கணவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இதைச் சொன்னேன். என் வீட்டுத் திண்ணையில் தெளிவாகத் தெரிந்த அந்த முகத்தை, பதிவாளர் மேசையில் ஏன் காட்ட முடியாது என்ற கேள்வி அன்றைக்குத்தான் எனக்கு எழுந்தது.

2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டத்தின்படி, எந்த மதத்தவரின் திருமணமானாலும் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாள் அவகாசம் உண்டு. எங்களுக்கு 90 நாள் ஏப்ரல் 24-இல் முடிந்தது. 150-ஆவது நாள் ஜூன் 23, அதுவும் ஞாயிற்றுக்கிழமை. பக்ரீத் விடுமுறையோடு மூன்று நாள் சம்பளமில்லா விடுப்பும் சேர்த்து, பண்டிகைக் காலத்தில் ஏறியிருந்த கட்டணத்தைக் கொடுத்து, என் கணவர் ஜூன் 18 அன்று வந்தார். 20-ஆம் தேதி, அதாவது 147-ஆவது நாளில், இருவரும் கையொப்பமிட்டோம். அந்த அறையில் நாங்கள் இருந்தது கால் மணி நேரம். மறுநாள் அவரை மீண்டும் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தேன். அந்தக் கால் மணி நேரத்துக்குச் செலவான தொகையில் எங்கள் முதல் மாத வாடகையைக் கொடுத்திருக்கலாம்.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. அது நம் மாவட்டத்திலேயே ஒருமுறை நடைமுறைக்கு வந்திருக்கிறது. இம்மாவட்டத்துப் பெண் ஒருவரும் அமெரிக்காவில் வாழும் இந்திய வம்சாவளியினர் ஒருவரும் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் மணவாளக்குறிச்சி சார்-பதிவாளரிடம் விண்ணப்பித்திருந்தனர். முப்பது நாள் அறிவிப்புக் காலம் முடிந்தும் காரியம் நடவாமல், விடுப்பு முடிந்த மணமகன் அமெரிக்கா திரும்பிவிட்டார். அந்த வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் அவர்கள், மூன்று சாட்சிகள் முன்னிலையில் காணொலி வழியே திருமணத்தை நடத்தி வைக்குமாறும், அதிகாரப் பத்திரம் பெற்றிருந்த மணமகளே இருவர் சார்பிலும் கையொப்பமிடலாம் என்றும் 2022 ஜூலையில் உத்தரவிட்டார். திருமணத்தையே காணொலியில் நடத்த முடியும் என்றால், ஆலயத்திலோ கோயிலிலோ நூற்றுக்கணக்கான பேர் பார்க்க ஏற்கெனவே நடந்து முடிந்த திருமணத்தைப் பதிவேட்டில் எழுதுவதற்கு மட்டும் ஏன் ஒருவர் கடல் கடந்து வர வேண்டும்? ஒவ்வொரு குடும்பமும் வழக்கறிஞர் வைத்து மதுரைக்குப் போய் இந்த உரிமையைக் கேட்டு வாங்க இயலாது. பதிவுத்துறை ஒரு சுற்றறிக்கை வெளியிட்டாலே போதும்.

கேரள எல்லையில் உள்ள களியக்காவிளையைத் தாண்டினால் நிலைமை வேறு. கேரள அரசு 2024 ஜனவரி 1 அன்று தொடங்கிய கே-ஸ்மார்ட் இணையச் சேவையில், நகராட்சிகளிலும் மாநகராட்சிகளிலும் மணமக்கள் காணொலி வழியே தங்கள் அடையாளத்தை உறுதிசெய்து திருமணத்தைப் பதிவு செய்ய முடிகிறது. இங்கிருந்து பாறசாலைக்குப் போய்வர ஒரு மணி நேரம்கூட ஆகாது. 1956 நவம்பர் 1 அன்று தாய்த் தமிழகத்தோடு இணைந்ததற்காக இன்றளவும் பெருமைப்படும் மாவட்டத்தின் பெண்கள், இந்த ஒரு காரியத்தில் எல்லைக்கு அந்தப் பக்கம் பார்த்து ஏங்கும்படி விடக்கூடாது.

நேரில் வரச் சொல்வது பெண்ணின் பாதுகாப்புக்காகத்தான் என்று ஓர் அதிகாரி என்னிடம் பொறுமையாக விளக்கினார். உள்ளபடியே அதில் நியாயம் இருக்கிறது. சம்மதம் இல்லாமல், வேறு மனைவி இருப்பதை மறைத்து, பொய்யான சான்றோடு பதிவு செய்ய முயல்பவர்கள் இருப்பார்கள். ஆனால் அதற்கும் வழி உண்டு. வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்குப் பாஸ்போர்ட்டுடன் போய், அதிகாரி முன்னிலையில் விண்ணப்பத்தில் கையொப்பமிட்டு, முத்திரை பெற்று அனுப்பட்டும். அதிகாரப் பத்திரங்களுக்கு இப்படிச் சான்றளிக்கும் சேவை துபாய் துணைத் தூதரகத்தில் இப்போதே இருக்கிறது. குறித்த நாளில் மனைவியும் சாட்சிகளும் இங்கே பதிவாளர் முன் இருக்க, அவர் திரையில் தோன்றி விடை சொல்லட்டும். நேரில் வந்து அவசரமாகக் கையொப்பமிட்டுப் போவதைவிட இதில் சரிபார்ப்பு கூடுதலே தவிரக் குறைவில்லை.

பதிவுச் சான்று கிடைத்த பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடுத்துப் போகிறவர்களுக்குப் பயன்படும். சென்னைத் தலைமைச் செயலகத்தில் உள்துறையின் சான்றொப்பம், பிறகு அங்கீகரிக்கப்பட்ட முகமை வழியே வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை, அதன்பின் அமீரகத் தூதரக முத்திரை என்று படிப்படியாக வாங்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும் அங்கே அமீரக வெளியுறவு அமைச்சகமும் ஒரு முத்திரை வைத்து, அரபியில் மொழிபெயர்த்த பின்தான் டைப்பிங் சென்டரில் விசா விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்கிறார்கள். அழைப்பவரின் சம்பளம் 4,000 திர்ஹாமோ, தங்குமிடத்துடன் 3,000 திர்ஹாமோ இருக்க வேண்டும். ஒரு நாட்டின் ஆவணத்தை ஒரே முத்திரையோடு மற்ற உறுப்பு நாடுகள் ஏற்கும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் சேர்ந்துள்ள ஓமன், பஹ்ரைன், சவுதி அரேபியா ஆகிய நாடுகளுக்குச் செல்பவர்கள் தூதரக முத்திரைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நம் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரையே போதும். உள்துறைச் சான்றொப்பத்துக்காக மாலையில் குழித்துறையில் அனந்தபுரி ஏறி மறுநாள் காலை எழும்பூரில் இறங்கியபோது, இந்த வேலையை மாதம் ஒருநாள் நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்திலேயே வைத்தால் எத்தனை பேருக்கு இந்தப் பயணம் மிச்சமாகும் என்று எண்ணினேன். அயலகத் தமிழர் நலத்துறை இதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

ஆலயங்களுக்கும் கோயில் நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மணமக்களில் ஒருவர் வெளிநாட்டில் இருந்தால், ஓலை எழுதும் அன்றே இருவரின் பாஸ்போர்ட் நகலையும் கேட்டு வாங்கி, அதில் உள்ள பெயரை எழுத்து மாறாமல் பதிவேட்டில் எழுதுங்கள். திருமுழுக்குப் பெயரை அதன் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளலாம். எனக்கு யாராவது இதை ஜனவரியில் சொல்லியிருந்தால் பிப்ரவரி 9 அன்றே எங்கள் பதிவு முடிந்திருக்கும்.

என் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குச் செப்டம்பரில் திருமணம் நடந்தது. கணவர் மஸ்கட் திரும்பிவிட்டார். நேற்று மாலை அவளுடைய ஆலயச் சான்றையும் பாஸ்போர்ட்டையும் என் வீட்டு மேசையில் விரித்து, ஒவ்வோர் எழுத்தாக இருவரும் ஒப்பிட்டுப் பார்த்தோம். எல்லாம் சரியாக இருக்கிறது. சாட்சிகளும் தயாராக இருக்கிறார்கள். அவளுடைய 90-ஆவது நாள் டிசம்பரில் வருகிறது. கணவருக்கு அடுத்த விடுப்பு 2026-இல்தான்.

இப்படிக்கு,
மார்த்தாண்டம் அருகிலிருந்து ஒரு வாசகி,
கன்னியாகுமரி மாவட்டம்.