கோ-கோ பயிற்சி தரும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம். ஜில்லா டீமுக்கு ஆள் எடுக்கும்போது யார் எத்தனை பேரை அவுட் ஆக்கினார்கள் என்று மட்டும் நோட்டில் குறிக்காதீர்கள். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி என்று நம்ம பாலக்காடு ஜில்லா சித்தூர்ப் பக்கத்தில் தமிழ் மீடியம் பிள்ளையும் மலையாள மீடியம் பிள்ளையும் ஒரே மண்ணில் உருண்டு புரண்டு ஆடுகிறவர்கள். பள்ளி டீமாக இருக்கிறவரை எல்லாம் சரியாகத்தான் போகிறது. மேலே போகப்போக இடம் குறைகிறது, மாநில அளவுக்குப் போனால் கிரேஸ் மார்க் கிடைக்கும் என்ற பேச்சு வீட்டில் ஓடுகிறது, போதாததற்கு 2025 ஜனவரியில் டெல்லியில் நடந்த முதல் உலகக் கோப்பையை நம் ஆண்களும் பெண்களும் ஜெயித்ததிலிருந்து கனவும் பெரிதாகிவிட்டது.

இந்த ஆட்டம் உங்களுக்குத் தெரியாததா? துரத்துகிறவள் ஒரு திசையில் ஓடத் தொடங்கினால் முனையில் நட்டிருக்கும் கம்பமான போஸ்ட் வரை திரும்ப முடியாது, தன் டீம் பிள்ளைகள் வரிசையாகக் குந்தியிருக்கும் நடுக்கோட்டைத் தாண்டவும் முடியாது. எதிராளி வரிசைக்குள் புகுந்து அந்தப் பக்கம் போய்விட்டால், உட்கார்ந்திருப்பவள் முதுகில் தட்டி ‘கோ’ சொல்லி அவளைத் துரத்த விட வேண்டும், இல்லாவிட்டால் போஸ்ட் வரை ஓடிச் சுற்றித்தான் வர வேண்டும்.

போன தடவை தேர்வில் என் மகள் ஒரு கால் முன்னால், விரல்கள் மண்ணில் ஊன்றி, எழத் தயாராகக் குந்தியிருந்தாள். எதிராளி அவள் கைக்கெட்டும் தூரத்தில் போனாள். பின்னால் ஓடிவந்த தோழி கோ கொடுக்காமல் போஸ்ட் வரை தானே ஓடிச் சுற்றி வந்தாள். அந்தப் பிள்ளை மேல் எனக்குக் கோபமே இல்லை, ஓரத்தில் நின்றவர் நோட்டில் எதை எழுதுகிறார் என்று அவளுக்குத் தெரியும். அப்புறம் பஸ்ஸில் ரெண்டு பேரும் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள்.

போட்டி வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி, போஸ்ட்டைப் பிடித்தபடி பாய்ந்து தொடுகிற போஸ்ட் டைவ் பழகியவர்கள் இவர்கள், முட்டி தேய்ந்தது இருவருக்கும்தான்.

நோட்டில் இன்னொரு கட்டம் போடுங்கள். யார் நேரத்துக்குக் கோ கொடுத்தாள், யார் கொடுத்த ‘கோ’வால் அடுத்தவளுக்கு அவுட் கிடைத்தது என்று அதில் எழுதுங்கள். பெயர் விட்டுப்போன பிள்ளையைக் கூப்பிட்டு எதனால் என்று நேரிலேயே சொல்லிவிடுங்கள். நோட்டீஸ் போர்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டால், தன் இடத்தைத் தோழி பறித்துக்கொண்டாள் என்றுதான் அந்த வயசுக்குத் தோன்றும். இந்த வருஷத் தேர்விலேயே இதைத் தொடங்குங்கள், ப்ளீஸ்.