அறுபதாவது எபிசோடைப் பார்த்துவிட்டேன், பங்கு

பங்கு,

அறுபதாவது எபிசோடைப் பார்த்துவிட்டேன். மார்ச் 9, ஞாயிறு மத்தியானம், தனியாக. 93 நிமிடம். நடுவில் ஓரிடத்தில் நிறுத்திவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி போட்டேன். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

நாம் சேர்ந்து பார்த்த அந்த அமெரிக்க போலீஸ் தொடர், 'தி வயர்', முடிந்ததும் ஒரு மார்ச் 9-தான். 2008, அதுவும் ஞாயிறு. தேதி பார்த்து உட்கார்ந்தேன் என்று நினைக்காதே, பாதியில்தான் ஞாபகம் வந்தது. மாசி என்பது மட்டும் காலையிலேயே ஞாபகம் இருந்தது.

59-ஐ முடித்த ராத்திரி நீதான் சொன்னாய், "இத வச்சுக்குவோம்ல, ஊருக்குப் போய்ட்டு வந்து பாப்போம்" என்று. நீ ஊருக்குப் போனாய். ஒன்பது வருடம் ஆயிற்று. நான் அந்த ஹார்ட் டிஸ்க்கை மூன்று வீடு மாற்றித் தூக்கிக்கொண்டு அலைந்தேன். ஒரு பைலைத் திறக்காமல் வைத்திருப்பது அவ்வளவு கஷ்டமா என்று கேட்பாய். கஷ்டம்தான். எல்லா போனிலும் இன்று அது கிடைக்கிறது, இரண்டு தட்டு தட்டினால் போதும்.

நம் இருவரையும் தெரிந்தவர்கள் நாலைந்து பேராவது இதைப் படிப்பார்கள். அதனால் சில விஷயங்களை ஓரமாகத்தான் சொல்ல முடியும். தெரியாதவர்களுக்கு ஒன்று: பால்டிமோர் கொலைப் பிரிவு டிடெக்டிவ் பங்க் மோர்லண்டின் பெயர், எங்கள் திருவான்மியூர் அறையில் இரண்டே வாரத்தில் 'பங்கு' ஆகிவிட்டது. அந்தப் பெயர் இவனுக்கு ஏன் வந்தது என்று சொல்ல மாட்டேன். பங்க் எப்போதும் சுருட்டும் கையுமாக இருப்பார். இவன் அம்மா இதைப் படிப்பார்கள்.

இப்போது உன் அப்பா விஷயம்.

கண்புரை ஆபரேஷனுக்காக அப்பா வந்து நம் அறையில் தங்கியது மூன்று நாளா, நான்கா? எனக்கு ஒரே ஒரு மத்தியானம்தான் நினைவில் நிற்கிறது. பனியன், தோளில் துண்டு, ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடி. பிளாஸ்டிக் நாற்காலியை மானிட்டருக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "டாக்டர் டிவி பாக்கக் கூடாதுன்னாருல்லா" என்று நீ கத்தினாய். "இது டிவி இல்லல்ல, கம்ப்யூட்டரு" என்றார். அதற்கு உன்னிடம் பதில் இல்லை.

இரண்டாவது சீசன் ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பொறுத்தவரை அப்போது அது தண்டம். முதல் சீசனின் ஆரஞ்சு சோபாவையும் டிஆஞ்சலோ சதுரங்கம் சொல்லிக்கொடுப்பதையும் விட்டுவிட்டு, தொடரை உருவாக்கிய இந்த டேவிட் சைமன் ஏன் நம்மைத் துறைமுகத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறார் என்று முனகிக்கொண்டிருந்தேன். நீ மட்டும் கண்கொட்டாமல் பார்த்தாய். ஏன் என்று அன்றுதான் புரிந்தது. அப்பா தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பது வருடம் டாலி கிளார்க். கன்டெய்னர் எண்ணியே வாழ்ந்த மனிதர். திரையில் கிரேனைப் பார்த்ததும் முதுகு நிமிர்ந்தது. "இந்த டப்பா எங்க போவுது? டாலி போடாம எப்படில வெளிய போவும்?" என்று கேட்டார். கம்ப்யூட்டரில் காணாமல் போகச் செய்துவிடுகிறார்கள் என்று சொன்னேன். சிரித்தார். "கம்ப்யூட்டர்ல போனா போவட்டும், கேட்டத் தாண்டணும்லா? அங்க ஒருத்தன் காசு வாங்கிருப்பான்." எட் பர்ன்ஸ் இருபது வருடம் போலீஸ் வேலை பார்த்துவிட்டு வந்து சைமனோடு சேர்ந்து அந்தத் தொடரை எழுதினார். அப்பா இரண்டு நிமிடத்தில் அதே இடத்துக்கு வந்துவிட்டார்.

அந்த சீசனின் முதல் எபிசோடை எடுத்துக் காட்டினோம். கன்டெய்னருக்குள் பதின்மூன்று பெண்கள் செத்துக் கிடக்கும் இடத்தில் நீ அவசரமாகத் தாண்டிவிடப் பார்த்தாய். "விடுல" என்றார். அப்புறம் வெகுநேரம் எதுவும் கேட்கவில்லை. பிராங்க் சபோட்கா வந்தபோது மட்டும், யூனியன்காரனா என்று கேட்டார். ஆமாம் என்றோம். "செத்துப் போவான்" என்றார். எப்படித் தெரிந்தது என்று நாம் கேட்கவே இல்லை.

ஆறாவது எபிசோடில் கோர்ட். போதை வியாபாரிகளிடமே கொள்ளையடிக்கும் ஓமர் சாட்சிக்கூண்டில். கோட்டுக்கு மேலே கோணலாக ஒரு டை. எதிரே லெவி வக்கீல்: நீ போதை வியாபாரத்தை உறிஞ்சி வாழும் அட்டை என்கிறார். உன்னைப் போலத்தான் என்கிறான் ஓமர், என்னிடம் துப்பாக்கி, உன்னிடம் பெட்டி. அதோடு அந்த வரி. நாம் இருவரும் கை தட்டினோம்.

"என்ன தம்பி சொல்லுதான், அந்த மூஞ்சில வெட்டு உள்ளவன்?"

நான் மொழிபெயர்த்தேன். அதற்குள் அந்த வரிக்காக நாம் போட்ட சண்டை கொஞ்சமா! நான் 'விளையாட்டு' என்றேன். நீ 'ஆட்டம்' என்றாய். ஆட்டத்தில் சீட்டும் இருக்கிறது, ஆடுகிறவன் திமிரும் இருக்கிறது என்றாய். நீ சொன்னதுதான் சரி. "எல்லாம் ஆட்டத்துல உள்ளதுதான்னு சொல்றான்ப்பா" என்றேன்.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். கழற்றவே கூடாது என்று சொல்லியிருந்தார்கள். "அவன் சொல்லலாம். நாளைக்கு குண்டு பாஞ்சா அவன் மேலதான் பாயும். ஆட்டத்துல நிக்கவன் சொல்லலாம் தம்பி. வேடிக்கை பாக்கவன் சொல்லப்படாது." சொல்லிவிட்டு டீ இருக்கிறதா என்று கேட்டார்.

நான்தான் டீ போட்டேன்.

அப்புறம் நாலைந்து மாதம் கழித்து, ராத்திரி 2:10-க்கு உன் போன். "அப்பா போய்ட்டாங்கல." நான் என்ன சொன்னேன் என்பது உனக்குத் தெரியும். அதை மறுபடி இங்கே எழுதுவது உனக்குச் செய்கிற இரண்டாவது குற்றம் என்றும் தெரியும். ஆனாலும் எழுதாமல் இந்தக் கடிதம் இல்லை. "எல்லாம் ஆட்டத்துல உள்ளதுதான், பங்கு." நீ "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாய்.

இன்கிரிமென்ட் வரவில்லை என்றால் அதைத்தான் சொல்வோம். கேஸ் சிலிண்டர் தீர்ந்தால், டிரெயினை விட்டால், உன் அந்த விஷயம் முறிந்தபோதுகூட (பெயர் வேண்டாம்) அதைத்தான் சொன்னோம். உன்னிடம் போய் 'ஆழ்ந்த இரங்கல்' என்று சொல்ல எனக்கு வாய் வருமா? தூக்கத்தில் பிடித்த கம்பு அது. நம் இரண்டு பேருக்கும் வேறு பாஷை இருந்ததா, யோசித்துப் பார். மன்னிப்புக் கேட்க ஆரம்பித்து வக்கீல் மாதிரிப் பேசுகிறேன் என்று எனக்கே தெரிகிறது. தப்பு. பெரிய தப்பு. அவர் என்னிடம் நேராகச் சொன்ன பிறகும், அவர் செத்த ராத்திரியே அதைச் சொன்னேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த ஒரு வரி மட்டும்தான் உன் காதில் விழுந்ததா? காலையில் கோயம்பேட்டில் கிடைத்த பஸ்ஸில் ஏறி, பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்து வந்தேன். வந்து சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். வாசலில் நின்றேன். நீ என்னைப் பார்த்தாய், பார்க்காத மாதிரி உள்ளே போனாய். உன் மாமா என்னிடம் வந்து சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை, அவர் பெரியவர். அதே இரவு திரும்பினேன். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, யாரும் கொடுக்கவும் இல்லை.

ஓமராக நடித்த மைக்கேல் கே. வில்லியம்ஸ் இறந்த செய்தி வந்தபோது, 2021 செப்டம்பரில், உனக்கு ஒரே ஒரு வார்த்தை அனுப்பினேன்: "ஓமர்." இரண்டு நீலக் கோடு. அவ்வளவுதான். 2023 மார்ச்சில், போலீஸ் அதிகாரி டேனியல்ஸாக நடித்த லான்ஸ் ரெடிக். டேனியல்ஸ் மாதிரி முதுகு வளையாமல் நடக்க வேண்டும் என்று ஆபீஸ் காரிடாரில் நடந்து காட்டுவாயே. எழுதி, அழித்துவிட்டேன். எனக்கும் அந்த வருடம் நடந்ததெல்லாம் உன் காதுக்கு வந்திருக்கும். என் வீட்டு விஷயம், இங்கே வேண்டாம். உன் எண்ணிலிருந்து ஒரு மிஸ்டு கால்கூட இல்லை.

சரி, எபிசோட். நீ இன்னும் பார்க்கவில்லை என்றால் அடுத்த பத்தியைத் தாண்டிப் போ.

ஐந்தாவது சீசன் மேல் எனக்கிருந்த எரிச்சல் போகவில்லை. தொடர் கொலைகாரன் என்று டிடெக்டிவ் மக்நல்டி ஒருவனைக் கட்டி எழுப்புவதும், சைமன் 1995-இல் விட்டு வந்த தன் பழைய பத்திரிகையோடு கணக்குத் தீர்ப்பதும் துருத்திக்கொண்டுதான் நிற்கின்றன. கோபத்தோடு எழுதினால் இப்படித்தான் ஆகும் (இதைச் சொல்ல நானா ஆள்!). கதை கட்டிய நிருபர் டெம்பிள்டனுக்குப் புலிட்சர், நாம் அன்றே பந்தயம் கட்டியதுதான். சின்னப் பையன் மைக்கேல் துப்பாக்கியோடு ஓமர் இடத்துக்கு வந்துவிடுகிறான். இளம் டிடெக்டிவ் சிட்னர் நீதிபதி முன்னால் போய் மக்நல்டி மாதிரி உட்காருகிறான். நாற்காலி அப்படியே இருக்கும், ஆள்தான் மாறும் என்ற உன் கணக்கு சரி. போலீஸ்காரர்கள் கூடும் கவானாஸ் பாரில் மறுபடி ஒரு இழவுக் கூட்டம் உண்டு. மூன்றாவது சீசனில் டிடெக்டிவ் ரே கோலுக்கு வைத்தது நிஜ இழவு. அந்த வேடத்தில் நடித்த தயாரிப்பாளர் ராபர்ட் கோல்ஸ்பெரி 2004-இல் இறந்துபோனதால் எழுதியது. இந்த முறை மேஜையில் கிடப்பது உயிரோடு இருக்கிற மக்நல்டி. சார்ஜன்ட் லேண்ட்ஸ்மன் ஒப்பாரி வைக்கிறார், எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் நிறுத்தியது அங்கே இல்லை. போதையிலிருந்து மீண்ட பபிள்ஸ். அவனை அக்கா கீழ்த்தளத்தில் மட்டும்தானே இருக்கவிட்டாள், மேலே போகும் கதவைப் பூட்டிவிட்டு? கடைசியில் அந்தக் கதவு திறந்திருக்கிறது. படி ஏறிப் போய், சாப்பாட்டு மேஜையில் உட்காருகிறான். வசனம் கிடையாது. அங்கேதான் எழுந்து போனேன்.

முகம் கழுவும்போது இன்னொன்று தோன்றியது. நீ எப்போதோ பார்த்துவிட்டாய், இல்லையா? 2016-லேயே பார்த்திருப்பாய். நான் மட்டும் முட்டாள் மாதிரி ஒன்பது வருடம் சத்தியத்தைக் காத்திருக்கிறேன். அப்படியென்றால் இந்தக் கடிதத்தில் பாதிக்கு மேல் அர்த்தமே இல்லை. பரவாயில்லை, அதையாவது எழுதிச் சொல்.

ஹார்ட் டிஸ்க்கை வேளச்சேரியில் உன் அக்கா வீட்டில் கொடுத்துவிட்டேன். பழைய சதுர வடிவப் பிரதிதான். 2014-இல் வந்த அகலமானது இல்லை, ஓரங்களில் புதிதாக யாரும் நிற்க மாட்டார்கள். அக்கா உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தார்கள். ஹாலில் அப்பா படம் இருக்கிறது, கறுப்புக் கண்ணாடி இல்லாமல்.

வயர் அதோடு இல்லை. அதைத் தொலைத்தது நீ.