ஃபைனஸ்ட் வளரட்டும், சின்னக் கடையையும் கவனியுங்கள்

என்டியுசி ஃபேர்பிரைஸ் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். நான் உங்கள் பேரங்காடிக் கூட்டுறவின் சாதாரண உறுப்பினர். பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்கும் துணிச்சல் கிடையாது, அதனால்தான் இந்த மடல்.

1973 ஜூலையில் சிங்கப்பூரின் தோ பாயோவில் ‘வெல்கம்’ என்ற பெயரில் முதல் கடை திறந்தது. திறந்து வைத்தவர் அன்றைய பிரதமர் லீ குவான் இயூ. விலைவாசி கண்டபடி ஏறிக்கொண்டிருந்த காலம். வியாபாரிகள் வைத்ததுதான் விலை என்று ஆகிவிடக் கூடாது என்பதற்காக என்டியுசி என்ற தொழிற்சங்கக் காங்கிரசே கடை போட்டது. 1983இல் இன்னொரு தொழிற்சங்கக் கூட்டுறவோடு இணைந்து ஃபேர்பிரைஸ் ஆனது. இதையெல்லாம் உங்களிடமே சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். ஆனாலும் எதற்காகத் தொடங்கினோம் என்பதை வைத்துத்தானே இன்றைய கணக்கைப் பார்க்க முடியும்?

இன்று தீவு முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட பேரங்காடிகள். 2007இல் புக்கிட் தீமா பிளாசாவில் உயர்ரகக் கடையான ஃபைனஸ்ட் வந்தது. சீஸ், ஒயின், இறக்குமதிப் பழங்கள் என்று அது தனி உலகம். பெரிய குடும்பங்களுக்கு எக்ஸ்ட்ரா என்ற பெருங்கடை. 2019இல் விவோசிட்டியில் திறந்த எக்ஸ்ட்ராவைச் சுற்றி வரவே அரை நாள் வேண்டும். பெட்ரோல் நிலையத்தில் எக்ஸ்பிரஸ், நள்ளிரவுப் பசிக்குச் சியர்ஸ். இவற்றோடு, பழைய பேட்டைகளில் அத்தியாவசியப் பொருள்களை மட்டும் அடுக்கி வைத்திருக்கும் ‘ஃபேர்பிரைஸ் ஷாப்’.

ஃபைனஸ்ட் மேல் எனக்குக் கோபம் இல்லை. வசதியானவர்கள் கோல்ட் ஸ்டோரேஜ் போன்ற தனியார் பேரங்காடிகளில் கொட்டும் பணம் கூட்டுறவுக்கு வந்தால் நல்லதுதானே. தீபாவளிக்குப் பாதாம், பிஸ்தா வாங்க நானும் அங்கே போகிறவன்தான். என் கவலை வேறு: பெரிய கடைக்கு ஏற்ற வியாபார முறை சின்னக் கடைக்கும் இறங்கிவிடுகிறது.

எந்தப் பேரங்காடியிலும் நடப்பதைப் பாருங்கள். ‘இரண்டு வாங்கினால் இவ்வளவு’ என்ற மஞ்சள் அட்டை. பத்துக் கிலோ அரிசி மூட்டைக்குச் சலுகை. கார் வைத்திருப்பவருக்கு இது லாபம். ஓரறை வாடகை வீட்டில் தனியாக இருக்கும் எழுபத்தைந்து வயதுப் பாட்டி என்ன செய்வார்? அவர் கைவண்டியில் இழுத்துப் போகக்கூடியது ஒன்றிரண்டு கிலோ அரிசி, சின்னப் புட்டி எண்ணெய், ஒரு ரொட்டி. குளிர்பதனப் பெட்டியிலும் அவ்வளவுதான் இடம். கிலோவுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டால், கடையிலேயே அதிக விலை கொடுப்பவர் அவர்தான்.

மூத்தோருக்குத் தள்ளுபடி நாள்கள் இருக்கின்றன என்பீர்கள். நல்ல திட்டம், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாட்டி 12 வெள்ளிக்கு வாங்கினால் மூன்று விழுக்காட்டில் மிச்சமாவது 36 காசு. இரட்டைச் சலுகையில் இரண்டு புட்டி எண்ணெயைத் தூக்கிப் போகிறவருக்கு ஒரே பொருளில் அதைவிட அதிகம் மிஞ்சிவிடும். தள்ளுபடி வயதைப் பார்த்துக் கொடுக்கப்படுகிறது, சலுகையோ அளவைப் பார்த்து. இரண்டும் சேரும்போது ஜெயிப்பது அளவுதான்.

ஒன்று கேட்கிறேன். 1985 முதல் உங்கள் சொந்த முத்திரையில் பொருள்கள் விற்கிறீர்கள். அதில் அரிசி, எண்ணெய், சீனி, மாவு போன்ற பத்துப் பதினைந்து பொருள்களுக்காவது, சின்னப் பொட்டலத்துக்கும் பெரிய மூட்டையின் கிலோ விலையையே வையுங்கள். பொட்டலம் கட்டும் செலவு கூடுதல் என்பது எனக்குத் தெரியும். அந்த வித்தியாசத்தைக் கூட்டுறவு ஏற்றுக்கொள்ளட்டும். 2023இல் பொருள் சேவை வரி ஏறியபோது 500 அத்தியாவசியப் பொருள்களுக்கு ஆறு மாதம் ஒரு விழுக்காட்டைத் தாங்கிக்கொண்டவர்கள்தானே நீங்கள்? எல்லாக் கடைகளிலும் முடியாது என்றால் ஷாப் கடைகளில் மட்டும் தொடங்குங்கள்.

அப்புறம், காசாளர். சுயமாகக் கட்டணம் செலுத்தும் இயந்திரங்களை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள். பழைய பேட்டைக் கடைகளில் மட்டும் ஆள் உட்காரும் ஒரு முகப்பு எப்போதும் திறந்திருக்கட்டும். அரசாங்கம் குடும்பங்களுக்குத் தரும் சிடிசி பற்றுச்சீட்டைக் கைப்பேசியில் திறக்கத் தெரியாதவர்கள் அங்கேதான் அதிகம் வருகிறார்கள்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் எந்த வகைக் கடை எத்தனை திறந்தது, எத்தனை மூடியது என்று வகைவாரியாகச் சொல்லுங்கள். மொத்த எண்ணிக்கையை மட்டும் வைத்து எங்களால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஷாப் கடை ஒன்றை மூடுவதாக இருந்தால், அந்த புளோக்குகளில் இருப்பவர்களுக்கு மூன்று மாதம் முன்னதாக நான்கு மொழிகளிலும் அறிவிப்பு ஒட்டுங்கள். அடுத்த கடைக்கு எந்தப் பேருந்தில் போவது என்பதும் அதில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தோ பாயோவில் வசிக்கும் உறுப்பினர் ஒருவர்